பள்ளிக்கு வெளியே ஒரு வருமானம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள், நியூ ஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் வெள்ளையரல்லாத ஆசிரியர்கள் மிகச் சிலரே. தீபாவளி நிகழ்ச்சி, புதிதாகக் குடியேறிய பெற்றோருக்கு மொழிபெயர்ப்பு, பன்முகத்தன்மைக் குழு என எல்லாமே என்னிடம் வந்து சேர்கின்றன. பாடக்குறிப்புகளை விற்கலாம், பிற பள்ளிகளில் பயிற்சி வகுப்பு நடத்தலாம் என்று தோழிகள் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? என் நிறம் இதில் உதவுமா, தடையாகுமா?
– வாசகி ஒருவர், எடிசன்

பதில்: உங்கள் நிலை உங்களுக்கு மட்டும் உரியதன்று. 2020-21 கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் சுமார் 80 சதவீதத்தினர் வெள்ளையர். கறுப்பினத்தவர் 6 சதவீதம், ஆசியர் 2 சதவீதம். எண்ணிக்கையில் குறைந்தவர்கள்மீது கூடுதல் வேலை தானாக வந்து விழுவதை, கல்வித் துறைச் செயலாளராக இருந்த ஜான் கிங் 2016-ல் ‘கண்ணுக்குத் தெரியாத வரி’ என்று எழுதினார். தொழில் தொடங்க நினைக்கும் உங்களுக்கு அந்த வரியிலேயே ஒரு துப்பும் இருக்கிறது: பள்ளி உங்களிடம் இலவசமாகத் திரும்பத் திரும்பக் கேட்பது எதுவோ, அது பிற பள்ளிகளுக்கும் தேவைப்படுகிறது.

ஆனால் நிறத்தையே சரக்காக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. தீபாவளியைப் பற்றிப் பேசுபவர் என்று பெயர் வாங்கினால் ஆண்டுக்கு ஒருமுறை அழைப்பு வரும். அதற்கும் பொன்னாடை போர்த்திப் புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆங்கிலம் இன்னும் பிடிபடாத குழந்தையை ஆய்வக அறிக்கை எழுதவைப்பது எப்படி என்று மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரக் கூடியவர் என்றால், ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். அத்தகைய குழந்தைகளுக்காக ஃபெடரல் கல்விச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்கீழ் பள்ளி மாவட்டங்களுக்கு (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்புகளுக்கு) நிதி வழங்கப்படுகிறது. ஆசிரியர் பயிற்சிக்கும் அதைச் செலவிடலாம். பன்முகத்தன்மைப் பயிற்சி என்ற பெயரில் மட்டும் கடை விரிப்பது இன்றைய அரசியல் சூழலில் ஆபத்தானது. டெக்சஸில் 2025-ல் இயற்றப்பட்ட சட்டம் பள்ளி மாவட்டங்களில் அத்தகைய பணிகளைப் பெருமளவு தடை செய்துவிட்டது. சிறுபான்மையினருக்கென்று ஒதுக்கப்பட்ட தொழில் மானியங்களையும் நம்பித் திட்டமிடாதீர்கள். கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்குப் பரிசுத்தொகை வழங்கிவந்த அட்லாண்டாவின் ‘ஃபியர்லெஸ் ஃபண்ட்’, வழக்கைச் சந்தித்து 2024-ல் அந்தப் பரிசுத் திட்டத்தையே முடித்துக்கொள்ள நேர்ந்தது.

பாடக்குறிப்புகளை விற்பதற்கு முன் ஒரு சிக்கலை நீங்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ‘டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ்’ தளத்தை நியூயார்க் நகர ஆசிரியர் ஒருவர் 2006-ல் தொடங்கியதிலிருந்து லட்சக்கணக்கான பாடப்பொருள்கள் அங்கே விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றின் உரிமை யாருடையது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பணியின் ஒரு பகுதியாக ஊழியர் படைப்பது முதலாளிக்கே சொந்தம். தான் தயாரித்த தேர்வுத்தாள்களுக்கும் வீட்டுப்பாடங்களுக்கும் உரிமை கோரிய நியூயார்க் மாநில ஆசிரியர் ஒருவரின் வழக்கில், அவை பள்ளி மாவட்டத்தின் உடைமை என்று 2004-ல் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியூ ஜெர்சி அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வராது என்றாலும், உங்கள் மாவட்டத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்துக்காட்டப் போவது அந்தத் தீர்ப்பாகத்தான் இருக்கும். ஆகவே, விற்கப்போகும் பொருளைக் கோடை விடுமுறையில், சொந்தக் கணினியில், சொந்த மின்னஞ்சல் கணக்கிலிருந்து புதிதாக எழுதுங்கள். உங்கள் வகுப்பில் பயன்படுத்திய தாளுக்கு மேலட்டை மாற்றி விற்காதீர்கள். வெளிவேலை குறித்து உங்கள் ஒப்பந்தமும் மாவட்ட விதிகளும் சொல்வதைத் தொழிற்சங்கப் பிரதிநிதியுடன் உட்கார்ந்து படித்துவிடுங்கள். உங்கள் வகுப்பு மாணவருக்கே கட்டணம் வாங்கித் தனிவகுப்பு எடுப்பதை, விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தவிர்ப்பதே நல்லது.

கட்டணம் கேட்பதில்தான் நம்மவர்களுக்குக் கூச்சம் அதிகம். ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பின்னால் தயாரிப்பு, பயணம், கடிதப் போக்குவரத்து என்று பல மணி நேர உழைப்பு இருக்கிறது. மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் அந்தத் தொகையில் சேராது. எனவே பள்ளிச் சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்து அதையே கட்டணமாகச் சொல்வது, உங்களை நீங்களே குறைத்து விற்பதாகும். “எங்களிடம் நிதி இல்லை, ஆனால் உங்கள் பெயர் பலருக்குத் தெரியவரும்” என்று அழைப்பவர்கள், உடன் பேசும் மற்றவர்களுக்கும் ஒன்றும் கொடுப்பதில்லையா என்று தயங்காமல் கேளுங்கள். கிடைக்கும் பதிலில் பல விஷயங்கள் புரியும்.

நிறுவனமாகப் பதிவு செய்ய அவசரம் வேண்டாம். உங்கள் பெயரிலேயே தனிநபர் தொழிலாகத் தொடங்கலாம். எல்.எல்.சி. (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) தேவைப்படும்போது நியூ ஜெர்சியில் பதிவுக் கட்டணம் 125 டாலர். 1964 முதல் இயங்கிவரும் ‘ஸ்கோர்’ அமைப்பில் அனுபவம் மிக்க தொழில்துறையினர் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் நிரந்தர வசிப்புரிமையுடன் (கிரீன் கார்டு) வாழும் கணித ஆசிரியர் நான். மாலையில் தனிவகுப்பு நடத்தி வருகிறேன். ரொக்கமாகப் பெறும் சிறுதொகைக்கும் வரி உண்டா?
– வாசகர் ஒருவர், ஃப்ரீமான்ட்

பதில்: உண்டு. பணம் தந்தவரிடமிருந்து வருமானப் படிவம் வந்தாலும் வராவிட்டாலும் வருமானம் வருமானமே. செலவு போக ஆண்டுக்கு 400 டாலரை எட்டினால், வருமான வரியோடு சுயதொழில் வரியும் கணக்கிட வேண்டும். அதன் விகிதம் 15.3 சதவீதம், நிகர வருமானத்தின் 92.35 சதவீதத்துக்கு விதிக்கப்படும். 10,000 டாலர் மிஞ்சினால் சுமார் 1,413 டாலர் இதற்கே போய்விடும். சம்பளத்தில் பிடிப்பதுபோல் இதை யாரும் முன்கூட்டியே பிடிப்பதில்லை என்பதால், ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி மாதங்களின் 15-ஆம் தேதிக்குள் தவணை கட்டுவது வழக்கம். எல்.எல்.சி. தொடங்கும் எண்ணம் இருந்தால், உங்கள் மாநிலம் லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்குக் குறைந்தது 800 டாலர் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த வரியில் ஆறுதலான செய்தியும் உண்டு. கலிஃபோர்னியாவின் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் அந்தப் பணிக்காகச் சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் பணம் கட்டுவதில்லை. உங்கள் சுயதொழில் வரியின் பெரும்பகுதி அங்கே செல்கிறது. 2025-ல் 1,810 டாலர் ஈட்டினால் ஒரு புள்ளி, ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு. நாற்பது சேர்ந்தால் முதுமையில் அங்கிருந்தும் ஓய்வூதியம் கிடைக்கும். ஆசிரியர் ஓய்வூதியம் பெறுவோருக்கு அந்தத் தொகையைக் குறைத்துவந்த விதி 2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தால் நீங்கிவிட்டது. கணக்கில் காட்டாத ரொக்கம் இந்தப் புள்ளிகளையும் உங்களுக்கு இல்லாமல் செய்துவிடும்.

கேள்வி: எச்-1பி விசாவில் டெக்சஸ் பள்ளியில் பணிபுரிகிறேன். இணையத்தில் பாடம் நடத்திச் சம்பாதிக்கலாமா?
– வாசகி ஒருவர், டாலஸ்

பதில்: கூடாது. உங்களுக்காக மனு தாக்கல் செய்த பள்ளி மாவட்டத்தில் மட்டுமே நீங்கள் வேலை செய்யலாம். தொகை சிறியது, வகுப்பு இணையத்தில், மாணவர் இந்தியாவில் என்பதெல்லாம் உங்களைக் காப்பாற்றாது. இரண்டாவது முதலாளி தனி மனு தாக்கல் செய்து பகுதிநேரமாக உங்களைப் பணியில் அமர்த்தலாம். அது முறையான வழி. உங்கள் கணவர் எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான விசா) இருந்து, 2015 முதல் தகுதியுடைய துணைவர்களுக்கு வழங்கப்படும் பணி அனுமதியும் பெற்றிருந்தால், அவர் சொந்தத் தொழில் நடத்தலாம். ஆனால் பெயர் அவருடையதாகவும் பாடம் நடத்துவது நீங்களாகவும் இருந்தால் அது சட்டமீறல். கிரீன் கார்டு கைக்கு வரும்வரை குடியேற்ற வழக்கறிஞரின் எழுத்துபூர்வமான ஆலோசனை இல்லாமல் ஒரு டாலரும் வாங்காதீர்கள்.