மாடியில் நின்றது யார்? பத்சேபாளைப் பற்றிய கேள்விக்கு என் பதில்

கேள்வி: "தாவீது, பத்சேபாள் விஷயத்தில் தாவீதை மட்டும் குறை சொல்வது நியாயமா? ராஜா கண்ணில் படும்படி குளித்தது அவள்தானே, அவளுக்கும் பாதிப் பங்கு இல்லையா? இருவருக்கும் காதலாகக்கூட இருந்திருக்கலாமே?"

கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வேதத்தில் தாவீது ராஜா, தன் சேவகன் உரியாவின் மனைவி பத்சேபாள் குளிப்பதைக் கண்டு, ஆள் அனுப்பி அவளை வரவழைத்தான்; அவள் கர்ப்பவதியானதும் உரியாவை யுத்தத்தில் சாகவைத்தான். கேட்டவர் ஏதாவது ஒரு பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "சகோதரிகளே, ஜாக்கிரதையாயிருங்கள்" என்று முடிகிற பிரசங்கமாக இருக்கும். அதே பிரசங்கத்தை நான் 14 வயதில் கேட்டேன். அதனால்தான் இதற்குப் பதில் எழுதாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

நான் இறையியல் படித்தவள் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஓய்வுநாள் பாடசாலையில் 20 வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்தவள், அவ்வளவுதான். "தாவீது ராஜாவையே குறை சொல்ல இவள் யார்" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 51ஆம் சங்கீதத்தைச் சொல்லாமல் நான் படுப்பதில்லை. நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டித்துப்போன பிறகு தாவீது பாடியது என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. அவர் மனந்திரும்புதலில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்ற இடம் வரும்போதெல்லாம், உரியாவுக்கு விரோதமாக இல்லையா என்று மனசு ஒரு நிமிஷம் நின்றுதான் போகிறது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அப்போது குளியலறை கிடையாது. பின்வாசலில் கிணறு, அதைச் சுற்றி மூன்று பக்கமும் ஓலைத்தட்டி. பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிப்போம். எங்கள் ஆச்சி காலத்திலிருந்து அப்படித்தான். அந்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தார். ஒருநாள் சாயங்காலம் தலைக்கு அரப்புத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தால், மேலே கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு ஆள் நிற்கிறான். அந்த வீட்டுக்கு வந்துபோகிற உறவுக்காரன். எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது. நான் வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அரப்பு கண்ணில் இறங்கி எரிந்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

யாரும் அந்த வீட்டில் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தை என்னிடம்தான், "வெளிச்சம் இருக்கையில உனக்கு என்னடி குளிப்பு?" என்றாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பாடசாலையில் இந்தக் கதை வந்தது. படத்தில் ஒரு பெண் மொட்டைமாடியில் குளிக்கிறாள், தூரத்தில் ராஜா. "பெண் பிள்ளைகள் மறைவாயிருக்கத் தெரியாவிட்டால் ஒரு நல்ல மனுஷனுடைய ஊழியமே கெட்டுப்போகும்" என்று பாடம் எடுத்தவர் சொன்னார். அவர் எண்ணத்தில் என்ன இருந்ததோ, நான் குறை சொல்லவில்லை. ஆனால் கூட இருந்த பிள்ளைகள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊரில் விஷயம் அதற்குள் பரவியிருந்தது.

வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. ஆச்சி விசாரித்தாள், சொன்னேன். அவள் அதிகம் படித்தவள் இல்லை. வேதத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், விரலை வரியின் கீழே வைத்து. இரண்டாம் சாமுவேல் 11ஆம் அதிகாரத்தை எடுக்கச் சொன்னாள். விரல் ஒவ்வொரு வார்த்தையாக நகர்ந்தது. தாவீது படுக்கையிலிருந்து எழுந்து அரமனை உப்பரிகையின்மேல் உலாவினான். ஸ்நானம்பண்ணுகிற ஒரு ஸ்திரீயை உப்பரிகையின்மேலிருந்து கண்டான். ஆச்சி விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். "ஏட்டி, மாடியில நின்னது அவன்லா? அவ மாடியில குளிச்சான்னு எங்க எழுதியிருக்கு?"

எழுதியிருக்கவில்லை. நீங்களும் எடுத்துப் பாருங்கள். அந்த வசனத்தில் உப்பரிகை இரண்டு தடவை வருகிறது, இரண்டும் ராஜாவுடையது. அவள் எங்கே குளித்தாள் என்று ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வசனம் தள்ளி 'தீட்டு' என்ற சொல்லும் வருகிறது. அதை வைத்து, அவள் குளித்தது மோசேயின் நியாயப்பிரமாணப்படி தீட்டுக் கழிக்கிற குளியல் என்று பலர் சொல்கிறார்கள்.

இன்னொன்று. அது ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படுகிற காலம். தாவீதின் படைத்தலைவன் யோவாபும் சேனையும் ரப்பாவை முற்றிக்கை போட்டிருக்கிறார்கள், இன்றைய ஜோர்தானின் அம்மான் நகரம் அது. தாவீதோ எருசலேமில் இருந்துவிட்டான் என்று வேதமே சொல்கிறது. அவள் யார் என்று விசாரிக்கிறான். எலியாமின் மகள், ஏத்தியனாகிய உரியாவின் மனைவி என்று பதில் வருகிறது. 23ஆம் அதிகாரத்தில் தாவீதின் பராக்கிரமசாலிகள் 37 பேர் பட்டியல் இருக்கிறது. அதில் எலியாம் என்றும் ஒரு பெயர் உண்டு. கடைசிப் பெயரே உரியாதான். தனக்காக உயிரைக் கொடுக்கிற ஆளின் மனைவி என்று தெரிந்த பிறகுதான் ஆள் அனுப்புகிறான்.

"அவள் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே" என்பீர்கள். எஸ்தர் புஸ்தகத்தில் வஸ்தி அப்படிச் சொன்னாள். பட்டத்து ராணியாயிருந்தும் கிரீடம் போயிற்று. இவள் ஒரு சேவகன் மனைவி, புருஷன் யுத்தகளத்தில். வாசலில் நிற்பது ராஜாவின் ஆட்கள். யாரிடம் போய் முறையிடுவாள்? நியாயம் விசாரிக்கிறவனே அவன்தானே.

காதலா என்று கேட்டீர்கள். வேதத்துக்குக் காதலைச் சொல்லத் தெரியாமல் இல்லை. ராகேலுக்காக யாக்கோபு வேலைசெய்த ஏழு வருஷம் அவனுக்குக் கொஞ்ச நாளாகத் தோன்றியது என்று எழுதியிருக்கிறது. மீகாள் தாவீதை நேசித்தாள் என்றும் இருக்கிறது. இந்த 11ஆம் அதிகாரத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. அவள் பேசியதாக இருப்பது கர்ப்பவதி என்ற ஒரு செய்தி மட்டும். அதன் பிறகு உரியா, தாவீது யோவாபுக்கு எழுதிய தன் சாவுக்கான கடிதத்தைத் தானே சுமந்துகொண்டு போகிறான். அவள் பெயரும் 11:3க்குப் பிறகு 12:24 வரைக்கும் வருவதில்லை. தாவீது அவளை விவாகம்பண்ணிய பிறகும், பிள்ளை வியாதிப்படும் இடத்தில், 'உரியாவின் மனைவி' என்றே எழுதியிருக்கிறது. மத்தேயு வம்சவரலாற்றிலும் அப்படியே.

பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், மன்னியுங்கள். எங்கள் சபையில் அசனம் (எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் சபை விருந்து) என்றால் முந்தின ராத்திரி விடிய விடிய கத்தரிக்காயும் வெங்காயமும் நறுக்குகிறது பெண்கள் சங்கம். மறுநாள் நன்றி சொல்லும்போது பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி கொடுத்தவர் எல்லாருக்கும் பெயர் உண்டு. எங்களுக்கு 'மற்றும் தாய்மார்கள்'. ஒருதடவை கமிட்டியில் இதைக் கேட்டதற்கு, பெயர் ஆசை கூடாது என்று எனக்கே வசனம் சொன்னார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கர்த்தர் யாரைக் குற்றவாளியாக நிறுத்தினார் என்பதுதானே உங்கள் கேள்வி. நாத்தான் தாவீதிடம் மட்டும்தான் அனுப்பப்பட்டார். ஐசுவரியவான் ஒருவன் தன் மந்தையை விட்டுவிட்டு, தரித்திரனுடைய ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்து வைத்தான் என்று கதை சொன்னார். அந்தக் குட்டி எஜமானுடைய பாத்திரத்தில் குடித்து, அவன் மடியிலே படுத்து, மகளைப்போல வளர்ந்தது. ஆட்டுக்குட்டி ஏன் அந்தப் பக்கம் மேய்ந்தது என்று நாத்தான் கேட்கவில்லை. "நீயே அந்த மனுஷன்" என்றார். கேட்டவுடனே தாவீதும் "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்றாரே தவிர, அவளும்தான் என்று சொல்லவில்லை. அவரே சொல்லாததை அவருக்காக நாம் ஏன் சொல்ல வேண்டும்?

பாடசாலையை விடுவதற்கு முந்தின வருஷம் இந்த அதிகாரத்தை நான் எடுத்தேன். பழைய படத்தைக் காட்டவில்லை. நாத்தானின் கதையைச் சொல்லி முடித்ததும், முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை, எட்டு ஒன்பது வயது இருக்கும், எழுந்து நின்று, "டீச்சர், அந்த ஆட்டுக்குட்டி கத்தலையா?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 11ஆம் அதிகாரம் 26ஆம் வசனத்தைக் காட்டி அவளையே வாசிக்கச் சொன்னேன். அவளும் எங்கள் ஆச்சியைப்போல விரலை வரியின் கீழே வைத்துக்கொண்டு வாசித்தாள். உரியா செத்தான் என்று கேள்விப்பட்டபோது, அவள் தன் நாயகனுக்காக இழவுகொண்டாடினாள்.