வாசகர் கேள்வி - பதில்: மீனவர்கள் கும்பிடும் பிரா நாங் குகை

கேள்வி: தாய்லாந்தின் கிராபியில் உள்ள பிரா நாங் குகைக்கு 65 வயது அம்மாவையும் அழைத்துப் போகலாமா? எப்படிப் போவது? (வாசகி, திருச்சி)

பதில்: போகலாம். குகை ரைலே தீபகற்பத்தின் தென்கோடியில் இருக்கிறது. தீவு இல்லைதான், ஆனால் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் மறிப்பதால் சாலை கிடையாது, படகுதான். ஆவ் நாங் கடற்கரையில் சீட்டு வாங்கும்போது ‘பிரா நாங்’ என்றே கேளுங்கள். வெறுமனே ‘ரைலே’ என்றால் மேற்குக் கரையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து குறுக்கே கிழக்குக் கரைக்குப் போய், பாறையடி ஓரமாகத் தெற்கே 10, 15 நிமிடம் நடக்க வேண்டும். கட்டணம் ஆளுக்குச் சுமார் 100 பாட், இருட்டினால் கூடும். 8 பேர் சேர்ந்தால்தான் கிளம்புவார்கள். அவசரமென்றால் காலி இடங்களுக்கும் நீங்களே கொடுக்க வேண்டியதுதான்.

அம்மாவுக்குச் சிரமம் படகில் ஏறி இறங்குவதில்தான். பிரா நாங் கரையில் துறை இல்லை. முழங்கால் அளவு, சில நேரம் தொடையளவு தண்ணீரில் இறங்கணும். புடவை வேண்டாம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, போனையும் பாஸ்போர்ட்டையும் தண்ணீர் புகாத பையில் போட்டுவிடுங்கள். மூட்டுவலி இருந்தால் ஆவ் நாம் மாவ் துறையிலிருந்து ரைலே கிழக்குக்குப் போவது மேல். அங்கே மிதவைத் துறை உண்டு. நீர் வற்றும் நேரத்தில் அந்தக் கரை முழுக்கச் சேறு என்பதால் ஓத நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். மே முதல் அக்டோபர் வரை ஆவ் நாங் பக்கம் அலை அதிகம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம்.

படகின் முகப்பை மிதிக்காதீர்கள். அங்கே கட்டியிருக்கும் வண்ணத் துணியும் மாலையும் படகைக் காக்கும் தெய்வமான மே யா நாங்குக்கு உரியவை.

கேள்வி: உள்ளே இருப்பவை சிவலிங்கங்களா? (வாசகர், காரைக்கால்)

பதில்: இல்லை. மரத்தில் செதுக்கிய ஆண்குறி வடிவங்கள். கையடக்கத்திலிருந்து ஆளுயரம் வரை. ஆவுடையாரும் இல்லை, அபிஷேகமும் இல்லை. கும்பிடப்படுபவள் குகையில் குடியிருக்கும் பிரா நாங். இவை அவளுக்குக் காணிக்கை. நிறைய மீன் கிடைக்கவும் பத்திரமாகக் கரை திரும்பவும் மீனவர்கள் வேண்டுகிறார்கள். பலித்ததும் செலுத்துவது நம் நேர்த்திக்கடன் போலத்தான். பிள்ளை வரம் கேட்பவர்களும் வருகிறார்கள். அவள் கப்பல் உடைந்து இறந்த இந்திய இளவரசி என்பது கதை. நம்மோடு உண்மையான தொடர்பு பார்க்க வேண்டுமென்றால் அதே கிராபி மாகாணத்தின் குளோங் தோமுக்குப் போங்கள். பொற்கொல்லர் ஒருவரின் உரைகல் அங்கே கிடைத்தது. அதில் ‘பெரும்பதன் கல்’ என்று பழைய தமிழ் எழுத்தான தமிழ் பிராமியில் பொறித்திருக்கிறது.

கேள்வி: என்ன படைக்கலாம்? (வாசகி, ஈரோடு)

பதில்: பூமாலை, ஊதுபத்தி, வண்ணத் துணி போதும். ஆவ் நாங்கிலேயே வாங்கிவிடுங்கள். பழத்தை வெளியே தெரியும்படி கொண்டுபோனால் வழியில் குரங்குகள் பறித்துவிடும். மேடையேறுமுன் செருப்பைக் கழற்றுங்கள். ஊதுபத்தியை அதற்குரிய மணல் சட்டியில் மட்டும் குத்துங்கள். சுற்றிலும் காய்ந்த மரமும் துணியும், எனவே கற்பூரம் கூடவே கூடாது. சிரித்தபடி காணிக்கைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிறார்கள் சிலர். கும்பிட வந்தவர்கள் முன்னால் அது அசிங்கம். ரைலே கிழக்கில் கட்டணம் வாங்கும் வைரக் குகைக்கும் ‘பிரா நாங்’ என்ற பெயருண்டு. அது வேறு, சன்னதி அங்கே இல்லை. சன்னதி உள்ள குகை கடற்கரை மணலை ஒட்டி, திறந்தபடியே இருக்கும்.