வாத்துப் பந்தயச் செய்தி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மேற்கு யார்க்‌ஷயரில் ஹெப்டன் பிரிட்ஜ் என்ற சிறிய ஊரில் இரண்டு வருடமாக இருக்கிறோம். கணவருக்கு லீட்ஸில் வேலை, தினமும் ரயிலில் போய்வருகிறார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அழகான ஊர், மனிதர்களும் நல்லவர்கள். ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. உள்ளூர்ச் செய்தி என்று எதை எடுத்தாலும் கார் நிறுத்த இடமில்லை, கால்வாய் ஓரத்து மரத்தை வெட்டலாமா கூடாதா, ஈஸ்டருக்கு ஆற்றில் பிளாஸ்டிக் வாத்து விடும் பந்தயம், காணாமல் போன பூனை. உலகமே பற்றி எரிகிறது. இவர்கள் ஒரு மரத்துக்காக வாரக்கணக்கில் வாதாடுகிறார்கள். படித்தவர்கள், பெரிய வேலைகளில் இருந்தவர்கள் எல்லாம் இதில் இவ்வளவு தீவிரமாக இருப்பது ஏன்? நான் இதிலெல்லாம் ஒட்டாமலே இருக்கிறேன். அதனாலோ என்னவோ, இன்னும் வெளியாளாகவே உணர்கிறேன்.

இங்கிலாந்தின் சிற்றூர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள என்ன நாவல்கள் வாசிக்கலாம் என்றும் சொல்லுங்கள். மகளுக்கு ஏழு வயது. தமிழ் மறந்துகொண்டே வருகிறாள், அதுவும் கவலையாக இருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்.,

மகளிடம் வீட்டில் தமிழில் பேசுங்கள், இரவில் கதை சொல்லுங்கள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நாவல் பட்டியல் நான் தரப்போவதில்லை. வாசலைத் திறந்தால் இருக்கும் ஊரைப் புரிந்துகொள்ள நாவல் கேட்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

உங்கள் ஊர் எனக்குத் தெரியும். என் தம்பி குடும்பம் சில காலம் பக்கத்து ஊரான டாட்மர்டனில் இருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க அவர்களோடு தங்கியிருந்தேன். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், செய்ய வேலை ஒன்றும் இருக்காது. பஸ் பிடித்து ஹெப்டன் பிரிட்ஜுக்கு வந்து சுற்றிக்கொண்டிருப்பேன். உள்ளூர்ச் செய்தி என்பது என்ன என்று யோசிக்க ஆரம்பித்தது அங்கேதான். இன்றுவரை அந்த யோசனை என்னை விடவில்லை.

கார் நிறுத்தும் பிரச்சினையைச் சின்ன விஷயம் என்கிறீர்கள். உங்கள் பள்ளத்தாக்கைப் பாருங்கள். கால்டர் ஆறு, ரோச்டேல் கால்வாய், ரயில், நெடுஞ்சாலை நான்கும் அந்த ஒடுங்கின தரையிலேயே நெருக்கியடித்துப் போகின்றன. போதாததற்கு ஹெப்டன் ஓடையும் அங்கேதான் வந்து சேர்கிறது. பஞ்சாலைக் காலத்தில் தொழிலாளர்களுக்கு வீடு கட்டச் சமதளம் இல்லை. அதனால் மலைச்சரிவில் வீட்டின் மேல் வீடாகக் கட்டினார்கள். கீழ் இரண்டு மாடி ஒரு குடும்பத்துக்கு, வாசல் கீழ்த்தெருவில். மேல் இரண்டு மாடி இன்னொரு குடும்பத்துக்கு, வாசல் மேல்தெருவில். அப்படிக் கட்டிய வீட்டில் காருக்கு எங்கே இடம்? சனி, ஞாயிறுகளில் சுற்றுலாக்காரர்கள் வந்தால்தான் கடைக்காரருக்குப் பிழைப்பு. அதே நேரம் இரவு ஷிப்ட் முடித்து வரும் நர்ஸுக்கு வீட்டருகே வண்டியை விட வழியில்லை. இரண்டு பேர் சொல்வதும் நியாயம். அந்த நியாயங்கள் முட்டிக்கொள்வதைத்தான் நீங்கள் சலிப்போடு புரட்டிவிட்டுப் போகிறீர்கள்.

வாத்துப் பந்தயத்தை ரோட்டரி சங்கத்தினர் ஈஸ்டர் திங்களன்று நடத்துகிறார்கள், வரும் பணம் நல்ல காரியங்களுக்குப் போகிறது. மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பூனைக்காரரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, பூனை கிடைத்தால் சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டாட்மர்டனில் தம்பி வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். வாழ்நாளெல்லாம் வாரப் பத்திரிகை ஒன்றில் நிருபராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுதுகிறவன் என்று தெரிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்த முதல் வேலை, சாவு வீட்டுச் சடங்கு நடக்கும் தேவாலய வாசலில் நின்று வருகிறவர்களின் பெயர்களைக் குறிப்பது. அந்தக் காலத்து வாரப் பத்திரிகைகளில் இது வழக்கம். யார் யார் வந்தார்கள், யார் சார்பில் வந்தார்கள் என்று முழுப் பட்டியலும் அச்சாகும். மழையில் நனைந்துகொண்டு ஒவ்வொருவரிடமும் எழுத்துக்கூட்டிக் கேட்க வேண்டும். ஒரு தடவை ஒரு பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகப் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் இறந்தவரின் மனைவியே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கத்தவில்லை. "என் கணவரின் அண்ணன் பெயர் அது, சரியாகப் போடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அறுபது வருடம் கழித்து இதைச் சொல்லும்போதும் அந்த அம்மாவுக்குக் குரல் கம்மியது.

அப்புறம் அவர் சொன்னதைத்தான் நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை கவுன்சில் கூட்டத்தில் ஒருவர் பேசியதை அவர் எழுதுவார். வெள்ளிக்கிழமை பத்திரிகை வரும். சனிக்கிழமை இறைச்சிக் கடை வரிசையில் அதே கவுன்சிலர் அவருக்கு முன்னால் நிற்பார். தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே கேட்பார், சரியாக எழுதியிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கவுன்சிலருக்கும் அதே நிலைதான்: பொய் சொன்னால் வரிசையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எழுதுகிறவரும் எழுதப்படுகிறவரும் ஒரே ஊரில் இருந்தே ஆக வேண்டிய கட்டாயம். உள்ளூர்ச் செய்தியின் நேர்மை முழுக்க இந்தக் கட்டாயத்திலிருந்து வருவது என்பதே என் வாதம். நிருபர் நாற்பது மைல் தள்ளி ஒரு நகரத்து மேசையில் உட்கார்ந்து அறிக்கைகளை வெட்டி ஒட்டும்போது, பத்திரிகையின் பெயர் பழைய பெயராகவே இருந்தாலும் அது அந்த ஊரின் பத்திரிகை இல்லை. பிரிட்டனில் 2005-க்குப் பிறகு 200-க்கும் மேற்பட்ட உள்ளூர்ப் பத்திரிகைகள் மூடப்பட்டன. தப்பிப் பிழைத்தவற்றிலும் எத்தனையோ இப்படி ஊரைவிட்டுப் போனவைதான். வீட்டு விற்பனை, வேலை வாய்ப்பு, வாகன விளம்பரம் எல்லாம் இணையத்துக்குப் போனதும் வருமானம் போயிற்று. வருமானம் போனதும் ஆட்கள் போனார்கள்.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். லண்டனில் கவுன்சிலுக்குச் சொந்தமான கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு 2017 ஜூன் 14 அன்று எரிந்து 72 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் பாதுகாப்பைப் பற்றி அங்கே குடியிருந்தவர்களே பல வருடமாக எழுதி எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கவலையும் அதுவரை வெறும் குடியிருப்புப் புகார்தான், நீங்கள் சொல்கிற அந்தச் சின்ன விஷயம். அதை எடுத்துக்கொண்டு கவுன்சிலின் கதவை வாராவாரம் தட்டும் பலம் அந்தப் பகுதியின் பத்திரிகைக்கு முன்பு இருந்தது, அப்போது இல்லை.

அந்த நிருபர் அம்மாதான் என்னை ஒருநாள் கவுன்சில் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பின்வரிசையில் நாங்களும் இன்னும் சிலரும். தெருவிளக்கு, பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்புப் பெட்டி, ஒரு நடைபாதை. ஒருவர் எழுந்து நடுங்கும் கையோடு காகிதத்தைப் பார்த்துப் பேசினார். தலைவர் குறுக்கிடாமல் கேட்டார். வெளிநாட்டுக்காரன் நீ எதற்கு வந்தாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

கேட்கவும் முடியாது, அது சட்டம். நிருபர்களை உள்ளே விட வேண்டும் என்று 1908-இலேயே ஒரு சட்டம் வந்தது. கவுன்சில்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன: முழு மன்றமும் குழுவாக அமர்கிறது என்று அறிவித்துவிட்டால் நிருபரை வெளியே அனுப்பிவிடலாம். 1950-களின் கடைசியில் அச்சுத் தொழிலாளர் போராட்டம் நடந்தபோது, அதை மீறி வெளிவந்த பத்திரிகைகளின் நிருபர்களைச் சில கவுன்சில்கள் சேர்க்க மறுத்தன. இதையெல்லாம் முடிவுக்குக் கொண்டுவர ஒரு தனிநபர் மசோதா 1960 பிப்ரவரி 5 அன்று நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் சில மாதங்களுக்கு முன்புதான் எம்.பி.யாகியிருந்த மார்கரெட் தாட்சர். அவருடைய கன்னிப்பேச்சே அதுதான். அந்த வருடமே அது சட்டமாகி, பொதுமக்களுக்கும் உள்ளே வரும் உரிமை கிடைத்தது. அவர் பிரதமராக இருந்தபோது வடக்கு இங்கிலாந்தின் தொழில் ஊர்களுக்கு நேர்ந்ததை நான் மன்னித்ததில்லை. இந்த ஒரு காரியத்துக்காக அவரை மதிக்கிறேன். 2014 முதல் கூட்டத்தைப் பதிவு செய்யவும் படம் பிடிக்கவும்கூட அனுமதி உண்டு. கதவு இவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளே போய் உட்காரத்தான் ஆள் இல்லை. பிபிசி, டிவி பார்ப்பவர்கள் கட்டும் உரிமக் கட்டணப் பணத்தில் 150-க்கும் மேற்பட்ட நிருபர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது, நல்ல காரியம். ஆனால் அவர்கள் பெரிய கவுன்சில்களுக்கானவர்கள். உங்கள் பள்ளத்தாக்கின் ஊர்களுக்கெல்லாம் பொதுவான கால்டர்டேல் கவுன்சிலுக்கு ஒருவர் வரலாம். உங்கள் ஊரளவில் இயங்கும் ஹெப்டன் ராய்ட் டவுன் கவுன்சிலின் சாதாரணக் கூட்டத்துக்கு யார் வருவார்?

நீங்கள் வரலாம். இங்கேதான் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது அம்மா. வெளியாளாக உணர்கிறேன் என்கிறீர்கள். இரண்டு வருடமாக அந்த ஊர் எதைப் பற்றிப் பேசுகிறதோ அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிட்டு, ஊர் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றால் எப்படி? உங்கள் ஊரின் பிக்சர் ஹவுஸ் 1921-இல் திறந்த தியேட்டர், 2012 முதல் டவுன் கவுன்சில் அதை நடத்துகிறது. நீங்கள் கட்டும் கவுன்சில் வரியில் ஒரு பங்கு அந்தக் கவுன்சிலுக்குப் போகிறது. அங்கே படம் பார்த்திருப்பீர்கள், அது யாருடையது என்று தெரியுமா?

2015 டிசம்பர் 26 காலையில் உங்கள் பள்ளத்தாக்கில் வெள்ளச் சங்கு ஊதியதைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேளுங்கள். கால்டர்டேலில் 2,700-க்கும் மேற்பட்ட வீடுகளும் 1,600-க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் நீரில் மூழ்கின. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பாதிப்பேர் விடுமுறையில். எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவர் இருக்கிறார், எந்தக் கடைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். கார் நிறுத்தத்துக்கும் மரத்துக்கும் சண்டை போட்டு ஒருவரை ஒருவர் அறிந்து வைத்திருந்தவர்கள். அவர்களோடு சேர வெளியூர்களிலிருந்தும் வந்தார்கள், கால்சா எய்ட் என்ற சீக்கியத் தொண்டு அமைப்பு உட்பட. பிறகு ஊர்க்காரர்கள் ஸ்லோ தி ஃப்ளோ என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, ஹார்ட்காசில் கிராக்ஸ் காட்டில் மரக்கட்டைகளை ஓடையின் குறுக்கே போட்டு, வெள்ளத்தின் வேகத்தைக் குறைக்கும் சிறு தடுப்புகளைக் கட்டிவருகிறார்கள். ஒரு மரம் நிற்பதா விழுவதா என்பது அந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் எப்போது எங்கே வரும் என்பதையும் சேர்த்த கேள்வி. வாரக்கணக்கில் பேசட்டும், நன்றாகப் பேசட்டும்.

டவுன் கவுன்சில் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைக் குறைந்தது மூன்று முழு நாட்களுக்கு முன்பே வெளியிட வேண்டும், அறிவிப்புப் பலகையில் இருக்கும். பார்த்துவைத்துக்கொண்டு போங்கள். முதல் தடவை பேச வேண்டாம், பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுங்கள். யார் என்ன சொன்னார், எதற்கு எத்தனை வாக்கு என்று அன்றிரவே ஒரு பக்கம் எழுதி, உங்கள் பெயரைப் போட்டு, வர முடியாத பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். பெயர்களை மட்டும் எழுத்துக்கூட்டிக் கேட்டுச் சரியாக எழுதுங்கள்.