வெளிநாட்டுக் கணக்கு பற்றி எஸ்எம்எஸ்: மோசடி என்று விட்டுவிடலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் 12 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2021 ஜனவரியில் தஞ்சாவூர் திரும்பினேன். அங்குள்ள வங்கிக் கணக்கை மூடவில்லை. நம் பணத்தில் சுமார் 9 லட்சம் இருக்கும். இந்த ஆண்டும் வருமான வரி ரிட்டர்னை ஐடிஆர்-1 படிவத்தில்தான் தாக்கல் செய்தேன். 2025 டிசம்பர் தொடக்கத்தில், வெளிநாட்டுச் சொத்தைக் காட்டவில்லை என்று வருமான வரித்துறை பெயரில் எஸ்எம்எஸ் வந்தது. மறுநாள் லிங்க்குடன் ஒரு மெயில். சிங்கப்பூர்க் கணக்கு இவர்களுக்கு எப்படித் தெரியும்? மோசடிதானே?

பதில்: மெயில் போலியாக இருக்கலாம். ஆனால் கணக்கைக் காட்ட வேண்டிய கட்டாயம் நிஜம். அதனால் லிங்க்கைத் தொடாதீர்கள், விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள்.

சிஆர்எஸ் என்ற சர்வதேச ஏற்பாட்டில் இந்தியா 2017 முதலும் சிங்கப்பூர் 2018 முதலும் கணக்கு விவரங்களைப் பரிமாறி வருகின்றன. வங்கி உங்களிடம் இந்திய முகவரி, பான் எண் கேட்டுப் படிவம் நிரப்பச் சொல்லியிருக்குமே, அதற்குத்தான். பெயர், கணக்கு எண், டிசம்பர் 31 நிலுவை, வட்டி எல்லாம் அந்நாட்டு வரித்துறை வழியாக இங்கே வந்துவிடும். அரசுகளுக்கு இடையே இந்தத் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் பயணிக்கிறது. நான் பயப்படுவது நம் கையிலுள்ள ஃபோனைப் பற்றித்தான்.

2025 நவம்பர் 28 முதல் வரித்துறை உண்மையாகவே இப்படி எஸ்எம்எஸ்ஸும் மெயிலும் அனுப்பத் தொடங்கியது. மோசடிக்காரர்களுக்கு இதைவிடத் தோதான நேரம் ஏது? எஸ்எம்எஸ் அனுப்பியவர் பெயர் '-ஜி' என்ற ஆங்கில எழுத்தில் முடிந்தால் அரசுச் செய்தி என்று அர்த்தம். ஆனாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். இணைய முகவரியில் 'https://' என்பதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால் உள்ள பகுதி 'இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்' என்றே முடிய வேண்டும். அதன்பின் 'டாட் காம்' என்று ஏதாவது ஒட்டியிருந்தால் போலி. முறையான நோட்டீஸ் என்றால் டின் எனப்படும் ஆவண எண் இருக்கும். லாகின் செய்யாமலேயே தளத்தில் சரிபார்க்கலாம். எதுவானாலும் முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போங்கள்.

சரி, இனி ரிட்டர்ன். ஊர் திரும்பிய முதல் ஓரிரு ஆண்டுகள் 'சாதாரணமாக வசிக்காதவர்' என்ற நிலை உங்களுக்கு இருந்திருக்கும்; அப்போது வெளிநாட்டுச் சொத்தைக் காட்டத் தேவையில்லை. 2024-25 நிதியாண்டில் அந்தச் சலுகை இல்லை. வெளிநாட்டுக் கணக்கு உள்ளவர் ஐடிஆர்-1 போடவே கூடாது. 2025 டிசம்பர் 31க்குள் ஐடிஆர்-2 படிவத்தில் திருத்திய ரிட்டர்ன் போடுங்கள்.

பலர் தடுமாறும் இடம், அந்தப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளை எழுதும் எஃப்ஏ அட்டவணை. அது கேட்பது நிதியாண்டை அல்ல, 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை. கணக்கு தொடங்கிய தேதி, அந்த 12 மாதத்தில் இருந்த அதிகபட்ச நிலுவை, இறுதி நிலுவை, வட்டி ஆகியவற்றை ஸ்டேட் வங்கியின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் (TT) வாங்கும் விகிதத்தில் ரூபாயாக்கி எழுத வேண்டும். வட்டியை வருமானமாகக் காட்டும்போது மட்டும் ஏப்ரல் முதல் மார்ச் வரை. இரண்டு தொகையும் ஒத்துப்போகாது, பதற வேண்டாம். சிங்கப்பூரில் தனிநபரின் வங்கி வட்டிக்கு வரி கிடையாது, இங்கே உண்டு.

கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்ச ரூபாய் அபராதம் என்று யாராவது மிரட்டுவார்கள். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால், காட்டாமல் விட்டதற்கான அந்த அபராதம் இல்லை. உங்கள் 9 லட்சம் அதற்குள் அடங்கும், வேறு வெளிநாட்டுச் சொத்து இல்லையென்றால். முந்தைய ஆண்டு வட்டி விட்டுப்போயிருந்தால், காலக்கெடு முடிந்தபின் போடும் 'புதுப்பித்த ரிட்டர்ன்' போடலாமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே அந்த லிங்க்கில் போய் ஓடிபி கொடுத்துவிட்டீர்களா? உடனே வங்கிக்குச் சொல்லி, சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். அப்புறம் வரித்தளத்தின் பாஸ்வேர்டை மாற்றி, ரீஃபண்ட் போக வேண்டிய வங்கிக் கணக்கு உங்களுடையதாகவே இருக்கிறதா என்று பாருங்கள்.