மூலைக் கதிரை

வணக்கம் ஐயா. லிப்ட் பூட்டிப் பராமரிக்கும் கம்பனியொன்றில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். போன மாதம் மனேஜர் பதவியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு என்னை 'சீனியர் எஞ்சினியர்' ஆக்கினார்கள். பெயர் பெரிசு, கதிரை மூலையில். நீங்கள் விண்வெளி பற்றி எழுதுகிறவர். ஆட்களை மேலே அனுப்புகிற இடத்தில் சீனியர் எஞ்சினியருக்கு என்ன வேலை? அங்கேயும் இதே கதைதானா?
க., வெள்ளவத்தை

அன்பின் க.,

அங்கேயும் நடந்திருக்கிறது. ஜிம் சேம்பர்லின் என்ற கனேடியரின் கதையைச் சொல்கிறேன்.

நம்மவர்கள் ரொறன்ரோவில் போய் இறங்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன், அந்த விமான நிலையத்தை ஒட்டி அவ்ரோ கம்பனி 'ஆரோ' போர் விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. அதன் வடிவமைப்பில் சேம்பர்லின் பெரிய தலை. 1959 பெப்ரவரி 20 அன்று அரசாங்கம் திட்டத்தை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோருக்கு அன்றைக்கே வேலை போனது. ஏப்ரலில் அங்கிருந்து சுமார் 25 பொறியியலாளர்கள் நாசாவுக்குப் போனார்கள், இவரும் ஒருவர்.

முதலில் மெர்க்குரி, ஒருவர் மட்டும் போகும் கலம். கருவிகளில் பெரும்பாலானவை அவர் இருக்கும் அறைக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒன்று பழுதென்றால், நல்லாயிருக்கிற நாலைக் கழற்றித்தான் அதைத் தொடலாம். திரும்பப் பூட்டினால் கழற்றிய அத்தனையையும் மறுபடி சோதிக்கவேண்டும். உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் தொடர்மாடியில் லிப்ட் நின்ற ஒருநாள், வந்த பொடியன் ஒரு ரிலேயை எட்ட மூன்று போர்டைக் கழற்றினான். ஸ்க்ரூ தொலையாமலிருக்கத் தன் செருப்பைக் கழற்றி அதற்குள் போட்டுவைத்தான்.

இந்த எரிச்சல்தான் ஜெமினியை உண்டாக்கியது என்பேன். இருவர் போகும் அந்தக் கலத்தில் சேம்பர்லின் கருவிகளை அறைக்கு வெளியே தள்ளினார். தனித்தனித் தொகுதிகள், மூடியைத் திறந்தால் கை எட்டும். ராக்கெட்டின் நெருப்பை எல்லோரும் படமெடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த மூடிகள்.

1963 மார்ச்சில், செலவு கைமீறிப் போனதால், ஜெமினி மனேஜர் பதவியை அவரிடமிருந்து எடுத்தார்கள். கொடுத்த பெயர் 'மூத்த பொறியியல் ஆலோசகர்'. நீங்கள் அறிந்த பெயர்தான்! அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன், கணக்குக்குப் பொறுப்பு அவர்தான். 1965இலும் 66இலும் ஜெமினி பத்துமுறை ஆட்களோடு பறந்தபோது அந்தக் கதிரையில் வேறொருவர். இவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அப்பலோவின் இடியப்பச் சிக்கல்கள் இவரிடம் வந்தன, பிறகு விண்ணோடத்தினுடையவை. 1981 மார்ச் 8இல் காலமானார். விண்ணோடம் முதன்முதலில் பறந்தது ஏப்ரல் 12இல்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை. இரவு பதினொரு மணிக்கு, உள்ளே ஆள் இருக்க லிப்ட் நின்றால், பொடியன்கள் கோல் எடுப்பது புது மனேஜருக்கா, உங்களுக்கா?