கேட்டதும் சொன்னதும்: ஊர்ப் பணமும் அங்கன்வாடியும்

திருவிழாக் கணக்கு முடிந்து ஊர்களில் கொஞ்சம் காசு மிஞ்சும் நேரம் போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "பால்வாடிக்கு ஏதாவது செய்யணும், என்ன செய்யலாம்?" என்றே இருந்தன. சரி, இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் செலவுபோக 60,000 ரூபாய் மிச்சம். அங்கன்வாடிக்குக் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. சுவர் முழுக்கக் கார்ட்டூன் வரையலாம் என்கிறது இளைஞர் மன்றம், பெரிய டி.வி. மாட்டலாம் என்கிறார் தலைவர். எது சரி?
(வாசகர், தேவகோட்டை)

இரண்டும் வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் ஒன்று செய்யுங்கள். மன்றத்திலிருந்து இரண்டு பேர் ஏதாவது ஒரு நாள் காலை பத்து மணிக்கு அந்த மையத்துக்குப் போய், யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓரமாக உட்கார்ந்து மதியம்வரை பாருங்கள். உதவியாளர் அடுப்படியில் இருப்பார், முட்டை போடும் நாள் என்றால் அவித்து உரிக்கிற வேலையும் சேர்ந்துகொள்ளும். பணியாளர் ஒரு கர்ப்பிணிக்குச் சத்துமாவு பாக்கெட் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார், அடுத்து வந்த அம்மாவின் கைக்குழந்தையை எடை பார்ப்பார், அந்த எடையைப் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற சிக்னல் தேடி வாசலுக்கு வருவார், அதற்குள் உள்ளே இரண்டு பிள்ளைகள் ஒரே பொம்மைக்கு அடித்துக்கொள்ளும். இது போக வீடு வீடாகப் போகிற வேலை, தடுப்பூசி நாள் வேலை, பதிவேடுகள், தேர்தல் நெருங்கினால் பலருக்கு வாக்காளர் பட்டியல் வேலை. இத்தனைக்கும் நடுவில்தான் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டப்படி பாட்டும் கதையும் விளையாட்டும் நடக்க வேண்டும். நடக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டு வாருங்கள்.

அங்கே குறைவது படமும் டி.வி.யும் இல்லை, பிள்ளைகளோடு தரையில் உட்கார ஆள்தான் குறைச்சல். இது என் ஊகம் இல்லை. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்திரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் நம் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மையங்களில், முன்பருவக் கல்விக்கென்று மட்டும் அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரைப் போட்டார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்த மையங்களில் தொடர்ந்து இருந்த பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் மற்ற மையத்துப் பிள்ளைகளைத் தெளிவாக முந்தியிருந்தார்கள். அதைவிட எனக்கு ஆச்சரியம், வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளின் விகிதமும் அங்கே குறைந்திருந்தது. பாடம் பார்க்க வேறு ஆள் வந்ததும், பழைய பணியாளருக்கு எடை, சத்துணவு, வீட்டுச் சந்திப்பு ஆகியவற்றைக் கவனிக்க நேரம் கிடைத்தது.

இப்போது உங்கள் 60,000. மாதம் 5,000 என்று வைத்தால் ஒரு வருஷத்துக்கு, பத்தாம் வகுப்போ பன்னிரண்டோ படித்துவிட்டு ஊரோடு இருக்கும் ஒரு பெண்ணுக்குக் காலை நேர மதிப்பூதியமாகக் கொடுக்கலாம். ஆனால் அது அரசு மையம். ஆளை நாமே நேராகக் கொண்டுபோய் உட்கார வைக்க முடியாது, வைக்கவும் கூடாது, குழந்தைகள் இருக்கும் இடம். வட்டார மேற்பார்வையாளரிடம் பேசி, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அந்தப் பெண்ணிடமும் இது ஊர் கொடுக்கிற பணம், அரசு வேலை ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பின்னால் மனக்கசப்பு வேண்டாம். அனுமதி கிடைக்கவில்லையா, அதே பணத்தை வங்கியில் போட்டு, வருஷம் முழுக்கச் சில்லறைத் தேவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள், மூன்று வயசுப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு குழாய், கிழிந்த பாய்க்கு மாற்று. இதற்கெல்லாம் பல இடங்களில் அந்தப் பணியாளர் தன் பையிலிருந்துதான் எடுக்கிறார்.

மையத்துக்கு இரண்டு மின்விசிறி கொடுத்தோம். றெக்கையில் அப்பா பெயர் எழுதலாமா?
(வாசகி, கமுதி)

டியூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தையே மறைத்த பரம்பரை நாம். எழுதுங்கள், சுற்றும்போது எப்படியும் தெரியாது.

நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊரில் சங்கம் வைத்து இரண்டு அங்கன்வாடிகளுக்கு உதவுகிறார்கள். மாதாமாதம் பணம் அனுப்பினால் சட்டச் சிக்கல் வரும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?
(வாசகர், சிங்கப்பூர்)

உங்கள் கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதைப் பொறுத்தது. நீங்கள் இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து முறையாக வங்கி வழியாக அனுப்பும் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தாராளமாக அனுப்பலாம். சங்கம் ரசீது கொடுக்கட்டும், உங்கள் பாஸ்போர்ட் நகல் ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொள்ளட்டும்.

சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால் கதை வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சரி, உங்கள் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்க முடியும், அதுவும் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். "பதிவு பெற்ற பெரிய அமைப்பு ஒன்றுக்கு அனுப்பி, அங்கிருந்து ஊர்ச் சங்கத்துக்குத் திருப்பிவிடலாமே" என்று யோசிப்பீர்கள். 2020-இல் வந்த திருத்தம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. எனவே நல்ல மனசோடு அனுப்பி, ஊரில் இருக்கிற அப்பாவிப் பொருளாளரை நோட்டீசுக்குப் பதில் எழுத வைக்காதீர்கள்.

சம்பளம், முட்டை, அரிசி எல்லாம் அரசு கொடுக்கிறது. வரி கட்டுகிறோம். அப்புறம் ஊர் ஏன் கொடுக்க வேண்டும்? நாம் கொடுக்கக் கொடுக்க அரசு கையைக் கழுவிவிடாதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, பேராவூரணி)

டீச்சர், நியாயமான பயம். ஆனால் நம் ஊர் வரலாறு கொஞ்சம் வேறு மாதிரிப் போயிருக்கிறது. 1956-இல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கி வைத்தபோது அது ஊர் மக்கள் கொடுத்த அரிசியிலும் காய்கறியிலும்தான் நடந்தது. ஊர் செய்து காட்டிய பிறகுதான் 1957-இல் அரசு மானியம் வந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து பைசா என்று கணக்கு, ஆறு பைசா அரசு, நான்கு பைசா ஊர். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அப்படித்தான், பெஞ்சு, மணி, கடிகாரம், நிலம் என்று அவரவரால் முடிந்ததை ஊர்க்காரர்கள் கொண்டுவந்தார்கள். பிறகு 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது இரண்டு வயசுப் பிள்ளைக்கும் சேர்த்து அரசே பொறுப்பேற்றது. புதுக்கோட்டைப் பக்கம் இன்றைக்கும் தட்டில் தாம்பூலம் வைத்து, மேளம் முன்னால் போக, பீரோவையும் நாற்காலியையும் பள்ளிக்குத் தூக்கிப் போகிற 'கல்விச் சீர்' பார்த்திருப்பீர்கள். தாய்மாமன் சீர் கொண்டுபோன பிறகு அந்த வீட்டு நல்லது கெட்டதைக் கேட்கிற உரிமை வந்துவிடும் இல்லையா, அந்த உரிமைக்காகவே நான் இதை ஆதரிக்கிறேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் பணம் கொடுக்கக் கூடாது. உணவு, சம்பளம், கூரை இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அரிசி வரவில்லை என்றால் மூட்டை வாங்கிப் போடாதீர்கள், மனு போடுங்கள். மையமே இல்லாத குடியிருப்பு என்றால், 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது பலருக்குத் தெரியாது: ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேராவது இருக்கும் கிராமக் குடியிருப்போ குடிசைப் பகுதியோ அங்கன்வாடி கேட்டால் மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். இதற்கு ஊர் வசூல் செய்ய வேண்டியது பணம் இல்லை, பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும்தான். ஏற்கெனவே இருக்கிற மையத்தில் சுற்றுச்சுவர், கூடுதல் அறை போன்ற வேலைக்கு ஊரே முன்வருகிறது என்றால் 'நமக்கு நாமே' திட்டத்தில் விண்ணப்பியுங்கள். குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியை அரசு போடும். முழுத் தொகையையும் நீங்களே போட்டுக் கட்டிவிட்டு அப்புறம் புலம்பாதீர்கள்.

நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டா?
(வாசகர், ஈரோடு)

80ஜி அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்து, நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால் உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்குக் கிடையாது. புதிய வரி முறைக்கு மாறிவிட்டீர்கள் என்றால் சலுகையை மறந்துவிட்டுக் கொடுங்கள்.

எங்கள் தெருவில் வசதியானவர்கள் எல்லாரும் வேன் வைத்து எல்.கே.ஜி.க்கு அனுப்புகிறார்கள். மூன்றரை வயதில் பிள்ளை ஏ, பி, சி, டி எழுதுகிறது. அங்கன்வாடியில் பாட்டுப் பாடி அனுப்பிவிடுகிறார்கள். பாட்டுக்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்?
(இளம் தாய், திருச்செங்கோடு)

மூன்றரை வயது விரலுக்குப் பென்சில் பிடிக்கிற பலமே இன்னும் சரியாக வந்திருக்காதும்மா. மணலை அள்ளி, களிமண்ணை உருட்டி, சோழி பொறுக்கித்தான் அது வரும். பாட்டில் பேச்சு வரும், பேச்சு வந்தால் பிறகு படிப்பு வரும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி நகரில், 1960-களில் 123 ஏழைப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பாதிக்கு மூன்று, நான்கு வயதில் விளையாட்டும் பேச்சுமான நல்ல முன்பருவக் கல்வி கிடைத்தது, மறுபாதிக்கு இல்லை. அவர்களை 40 வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தார்கள், பள்ளியை முடித்தது, வேலை, வருமானம் எல்லாவற்றிலும் முதல் கூட்டம்தான் மேலே. அங்கே யாரும் மூன்று வயதில் இம்போசிஷன் எழுதவில்லை.

இன்னொன்று, 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். வேன் கட்டணம் கட்டுகிறவர்களும் தங்கள் பிள்ளையை அங்கே விட்டால், மையத்தின் தரம் பற்றிக் கேள்வி கேட்கிற வாய்கள் கூடும். நன்கொடையைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

மகன் பிறந்தநாளுக்கு அங்கன்வாடியில் கேக் வெட்டி, பிரியாணி போடலாமா?
(வாசகர், ஆம்பூர்)

ஆம்பூர்க்காரர் பிரியாணி என்று கேட்கும்போது மறுக்க மனசு வரவில்லை, ஆனாலும் வேண்டாம். வெளியில் சமைத்த சாப்பாட்டில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பணியாளர். வாழைப்பழம், கொய்யா வாங்கிக் கொடுங்கள், அதையும் முதல் நாளே சொல்லிவிட்டு. மறக்காமல் போனைப் பையில் வையுங்கள். தட்டை நீட்டி நிற்கிற அடுத்த வீட்டுப் பிள்ளையின் முகத்தை ஸ்டேட்டஸில் போடுவதற்கு நமக்கு யாரும் உரிமை கொடுக்கவில்லை.

விளையாட்டுச் சாமான் வாங்கித் தரலாமா? போன வருஷம் கொடுத்தது இன்னும் பீரோவிலேயே புதுசாக இருக்கிறது!
(மகளிர் குழுத் தலைவி, அம்பாசமுத்திரம்)

உங்கள் ஊர் மரச்சொப்பை விட்டுவிட்டு பிளாஸ்டிக் தேடிப் போகவில்லையே, அதுவரை சந்தோஷம். பீரோவுக்குள் போனதற்குக் காரணம், ஸ்டாக் ரிஜிஸ்டர். பதிவேட்டில் 20 என்று ஏறிய சொப்பு அதிகாரி வரும்போது 14-ஆக இருந்தால் பணியாளர்தான் விளக்கம் எழுத வேண்டும். யார் பூட்டி வைக்க மாட்டார்கள்? அதனால் கொடுக்கும்போதே மேற்பார்வையாளரையும் கூப்பிட்டு வைத்து, "இது உடையும், தொலையும், உடைந்ததை எங்கள் குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றித் தரும்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அடுத்த முறை போகும்போது எத்தனை உடைந்திருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றுகூட உடையவில்லை என்றால் மறுபடியும் பேச வேண்டியிருக்கும்.