ஹைலக்ஸை எவ்வளவு உயர்த்தலாம்?

கேள்வி: என் ஹைலக்ஸ் பிக்கப்பை 3 அங்குலம் உயர்த்த ஆசை. ஸ்பேசர் (ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் தடித்த வளையம்) மட்டும் வைத்தால் செலவு குறையும் என்கிறார்கள். சரியா?

பதில்: 2 அங்குலத்தோடு நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் சிவி ஜாயின்ட் அதிகமாக வளையும். அதை மூடியிருக்கும் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிந்து, கிரீஸ் வெளியேறி மண் புகுந்துவிடும். சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்றாவிட்டால் காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) சரிவர அமையாது, வேகத்தில் ஸ்டியரிங் அலையும்.

ஸ்பேசர் உயரம் தரும், சுமையைத் தாங்காது. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே மாற்றுங்கள். எப்போதும் வண்டியில் இருக்கும் எடையைச் சொல்லி ஸ்பிரிங் வாங்குங்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கேபிள் கருவி) இருந்தால் முன்பக்க ஸ்பிரிங் கனமானதாக இருக்க வேண்டும். காலியாக ஓடும் வண்டிக்குக் கனமான பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் போட்டால் பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப்போடும்.

பொருத்தும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை) போல்ட்களை வண்டி தரையில் நின்ற பிறகே முழுதாக இறுக்க வேண்டும்; ஜாக்கில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பின் ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் பழைய யு-போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அன்றே அலைன்மென்ட், 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டும் மறு இறுக்கம்.